சட்டைப் பட்டன் எத்தனை கிலோ தாங்கும்: செய்து பார்த்த அனுபவம்

பட்டன் கெட்டியா என்று கேட்டால் கடையில் நகத்தால் தட்டிக் காட்டுவார்கள். அதில் தெரிவது ரொம்பக் கொஞ்சம். துணியில் தைத்த பிறகு எவ்வளவு இழுவை தாங்கும், இஸ்திரிச் சூட்டில் என்ன ஆகும் என்று வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இழுவை, சூடு இரண்டும் ஓரளவு முடிந்திருக்கிறது.

பட்டனுக்கு அளவு லைன் கணக்கில். 40 லைன் ஓர் அங்குலம். சட்டை முன்பக்கத்துக்கு வழக்கமாக 18 லைன், அதாவது சுமார் 11.4 மில்லிமீட்டர். பெரும்பாலும் இந்த அளவில், நான்கு துளைப் பட்டன்களையே எடுத்துக்கொண்டேன்.

இழுவைக்கு நான் வைத்த இலக்கு 90 நியூட்டன், 10 நொடி. ஐரோப்பாவுக்குக் குழந்தை உடை தைத்து அனுப்பும் திருப்பூர்க் கம்பெனிகளில் வழக்கமாகக் கேட்கப்படும் அளவு இது. ஏறக்குறைய 9.2 கிலோவைக் கட்டித் தொங்கவிடுவதற்குச் சமம். குழந்தை உடையில் பட்டன் பிய்ந்தால் அடுத்து வாய்க்குத்தான் போகும், தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பெரியவர்கள் சட்டைக்கு இவ்வளவு தேவையில்லைதான். ஆனால் நான் தைப்பதில் பாதிக்கு மேல் சின்னப் பிள்ளைகளின் கவுன், சட்டை. அதனால் இதைவிடக் குறைவாக வைக்க மனம் வரவில்லை.

பயணப் பெட்டி நிறுக்கும் டிஜிட்டல் தூக்குத் தராசு ஒன்று இருந்தது. துணியை மேஜை விளிம்பில் கிளாம்ப் வைத்து இறுக்கி, பட்டனுக்கு அடியில் மெல்லிய நைலான் கயிற்றைச் சுருக்குப் போட்டு நுழைத்து, மறுமுனையைத் தராசுக் கொக்கியில் மாட்டி மெதுவாக இழுத்தேன்.

ரெடிமேட் சட்டைப் பட்டன் 7 கிலோவைத் தாண்டியதும் நூல் அறுந்து வந்தது. பட்டனில் ஒரு கீறல்கூட இல்லை. அதே சட்டையின் இன்னொரு பட்டனுக்குத் தராசே தேவைப்படவில்லை. உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த நூல் நுனியைப் பிடித்து இழுத்ததும் தையல் சரசரவென்று பிரிந்து பட்டன் கையில் வந்துவிட்டது. பல ரெடிமேட் சட்டைகளில் ஒற்றை நூல் சங்கிலித் தையல்தான் போடுகிறார்கள், அதனால்தான் இப்படி. லாக் ஸ்டிச் மெஷினில் மேல் நூலும் அடி நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் இவ்வளவு சுலபமாகப் பிரியாது. இப்போது புதுச் சட்டை வாங்கியதும் உள்பக்கம் திருப்பி, நீண்ட நுனிகளை ஊசியில் கோத்து முடிச்சுப் போட்டுவிடுகிறேன்.

அடுத்து கைத்தையல். பாலியெஸ்டர் நூலை இரட்டையாகக் கோத்து, ஒவ்வொரு ஜோடித் துளையிலும் மூன்று முறை, குறுக்காகப் போடாமல் இணைகோடாக. 9.2 கிலோவில் 10 நொடி அசையவில்லை. ஆனால் அடியில் இருந்த ஒற்றை மடிப்புக் காட்டன் துணியில் ஊசித் துளைகள் அரிசி அளவுக்கு வாய் திறந்துவிட்டன. உள்ளே விறைப்புக்காகக் கேன்வாஸ் துணி வைத்த பட்டன் பட்டியில் அதே தையல், அதே இழுவை, துணி அப்படியே இருந்தது. கேன்வாஸ் இல்லாத இடத்தில் பின்பக்கம் ஒரு சின்னப் பட்டனையோ மடித்த துணித் துண்டையோ சேர்த்துத் தைத்தால் போதும்.

காம்பு வைப்பதை, அதாவது பட்டனுக்கும் துணிக்கும் நடுவே நூலாலேயே ஒரு சின்னத் தண்டு விடுவதை, தனியாகச் சொல்ல வேண்டும். பட்டன் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, அதையும் சேர்த்துத் தையல் போட வேண்டும். முடிந்ததும் குச்சியை உருவிவிட்டு, பட்டனை மேலே தூக்கிப் பிடித்தால் துணிக்கும் பட்டனுக்கும் இடையில் நூல் தொளதொளவென்று நிற்கும். அதன்மேல் நூலை நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றி, ஊசியை அடிப்பக்கம் இறக்கி முடிச்சு. காஜா பட்டியின் கனம் உட்கார இப்போது இடம் கிடைத்துவிடும், பட்டன் போடும்போது துணி சுருங்காது. துளை விளிம்பில் நூல் உரசுவதும் குறையும். அன்றாட உபயோகத்தில் பட்டன் விழுவது ஒரே இழுப்பில் அல்ல, இந்த உரசலில் நூல் இழை இழையாகத் தேய்ந்துதான். என்னைக் கேட்டால் நூலை மாற்றுவதைவிடக் காம்பு வைப்பதுதான் முக்கியம்.

சூட்டில் பட்டனின் குணமே வெளியே வருகிறது. காட்டன் சூட்டில் இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்து அழுத்தியதில் பாலியெஸ்டர் ரெசின் பட்டன் உருகவில்லை. அச்சில் ஒருமுறை இறுகிய ரெசின் மறுபடி உருகாது, அதிகச் சூட்டில் கருகத்தான் செய்யும். தங்க முலாம் பூசிய கோட் பட்டன் உலோகம் மாதிரி இருந்தாலும் உள்ளே ஏபிஎஸ் பிளாஸ்டிக். அது நெளிந்து, முலாம் வெடித்துவிட்டது. கையில் எடுத்தாலே லேசாக இருப்பதை வைத்து இந்த வகையைக் கண்டுபிடிக்கலாம். இஸ்திரி போடுவதென்றால் துண்டை மடித்து விரித்து, பட்டனைக் கவிழ்த்து, பின்பக்கமாகத் தேய்ப்பதே நல்லது.

சிப்பிப் பட்டனின் எதிரி புளிப்பு. வினிகரில் போட்டதும் பொடிக் குமிழிகள் எழும்பின, எடுத்துத் துடைத்தால் பளபளப்பு மங்கியிருந்தது. சிப்பி கால்சியம் கார்பனேட், அமிலத்தில் கரையும். கறை எடுக்க எலுமிச்சையோ வினிகரோ தடவுகிறவர்கள் சிப்பிப் பட்டன் வைத்த சட்டையில் கவனமாக இருக்க வேண்டும். துவைக்கிற கல்லில் அடித்துப் பார்த்ததிலும் முதலில் உடைந்தது சிப்பிதான். விரிசல் இரண்டு துளைகளின் வழியாக நேர்கோடாக ஓடியிருந்தது. பட்டன் வாங்கும்போது துளைகளுக்கு நடுவே எவ்வளவு கனம் இருக்கிறது என்று பக்கவாட்டில் பார்த்து வாங்குகிறேன்.

அடுத்தது டிச் பட்டன். அதில் நூலே கிடையாது, உலோகப் பற்கள் துணியைக் கவ்விப் பிடிக்கின்றன. பனியன் துணியில் பின்பக்கம் பட்டி வைத்தும் வைக்காமலும் அடித்து, அதே 90 நியூட்டனில் இழுத்துப் பார்க்கப் போகிறேன்.