முக்காலியில் காற்று எங்கே பிடிக்கிறது

பினாங்கு எஸ்பிளனேட் கடற்சுவர் ஓரம் முக்காலியை விரித்து, அக்கரையில் பட்டர்வொர்த் துறைமுக விளக்கு ஒன்றின் மேல் 200 மில்லிமீட்டர் லென்ஸைத் திருப்பி, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவைத் தொடவே வேண்டாம். காற்று அடங்கியிருக்கும்போது விளக்கு ஒரு புள்ளியாக நிற்கும். காற்று வீசியதும் அந்தப் புள்ளி அவரை விதைபோல நீண்டு நடுங்கும். காற்று விட்ட பிறகும் சில நொடிகள் ஆடிவிட்டுத்தான் ஓயும். முக்காலி சாயவில்லை, கண்ணுக்கு அசையவும் இல்லை. ஆனாலும் படம் கெட்டுவிட்டது.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்சாரில் 6,000 பிக்சல் இருந்தால், ஒரு பிக்சல் 0.006 மில்லிமீட்டர். 200 மில்லிமீட்டர் லென்ஸில் ஒளி ஒரு பிக்சல் தள்ளி விழ, ஒரு மீட்டர் நீளக் கம்பின் நுனி 0.03 மில்லிமீட்டர் விலகும் அளவு சாய்வே போதும். அது தலைமுடித் தடிமனில் ஏறக்குறையப் பாதி. கீழே விழாமல் நிறுத்துவது ஒரு வேலை, நடுங்காமல் நிறுத்துவது வேறு வேலை. நம் தொழிலில் இரண்டுக்கும் ஒரே மருந்தாகக் கனத்தைத் தொங்கவிடுகிறோம். பாதித் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் விழுவதைப் பார்ப்போம். காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 54 கிலோமீட்டர் காற்றில், 40 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பெரிய லென்ஸின் பக்கவாட்டில் விழும் தள்ளல் ஏறக்குறைய 0.8 கிலோ எடைக்குச் சமம். அதை நல்ல முக்காலி தாங்கும். அதே முக்காலியில் மழைக்காக ஒரு மீட்டர் அகலக் குடையைக் கிளிப் போட்டு மாட்டினால் தள்ளல் 10 கிலோவைத் தாண்டும். மலேசியாவின் மேற்குக் கரையில் ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடையே, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும், சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று முன்னறிவிப்பாக மேற்கே ஒரு கரிய மேக வரிசையைத்தான் காட்டும். வந்துவிட்டால் சில நிமிடங்களில் அடித்துவிடும். குடையைக் கையில் பிடியுங்கள், அல்லது மழையுறையைக் கேமராவில் இறுக்கிக் கட்டுங்கள். முக்காலியில் மட்டும் மாட்டாதீர்கள்.

கால்களை எந்தப் பக்கம் வைப்பது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. முக்காலி எப்போதும் இரண்டு பாதங்களை இணைக்கும் கோட்டின் மேல்தான் கவிழும். நடுப்புள்ளியிலிருந்து அந்தக் கோடு வரையுள்ள தூரம், நடுப்புள்ளியிலிருந்து ஒரு பாதம் வரையுள்ள தூரத்தில் சரிபாதி. ஆகவே காற்று போகும் திசையில் ஒரு காலை நீட்டி வைத்தால், இரண்டு கால்களை அந்தப் பக்கம் வைத்ததைவிட இரு மடங்கு விசையைத் தாங்கும். லென்ஸ் பார்க்கும் திசையில் ஒரு கால் என்று கற்றுத்தருவது கனமான லென்ஸுக்குச் சரி. பலத்த காற்றில் காற்றுக்குத்தான் முதலிடம். இதற்கு ஒரு காசு செலவில்லை.

இனி நடுக்கம். நடுத்தண்டை உயர்த்தவே கூடாது. மூன்று கால்கள் தரும் உறுதியை ஒற்றைக் குழாய்மேல் ஏற்றிவைத்துக் கெடுக்கும் வேலை அது. கழற்றக்கூடிய வகையாக இருந்தால் கழற்றிவிட்டு, கேமராவைத் தாங்கும் தலையை நேரே மேல்தட்டில் பூட்டுங்கள். கால்களில் தடித்த பகுதியை முதலில் நீட்டவேண்டும், கடைசி மெல்லிய பகுதியை உள்ளேயே விட்டுவிடவேண்டும். உயரம் போதவில்லை என்றால் மண்டியிடுவதே நல்லது. தோள்வார் காற்றில் பாய்மரம்போல அடித்துக் கேமராவையே உலுக்கும், அதைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள். வெயில் லென்ஸில் படாதபோது முன்மறைப்பும் வேண்டாம். ரிமோட் கம்பியைக் காலோடு சேர்த்து டேப் ஒட்டிவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் கனம். முக்காலியின் நடுவே கீழ்ப்பக்கம் உள்ள கொக்கியில் பையை மாட்டி அந்தரத்தில் விட்டால் அது ஊசலாகும். ஒவ்வொரு வீச்சிலும் முக்காலியை இழுத்துவிடும், வெறுமனே இருந்ததைவிட மோசமாகும். பையின் அடி தரையைத் தொட்டு, பாதிக் கனம் தரையிலும் பாதி கொக்கியிலும் இருக்கும்படி கயிற்றின் நீளத்தைச் சரிசெய்யவேண்டும். பட்டையான வாரைக் கொக்கியில் மாட்டி மறுமுனையைக் காலால் மிதித்துக்கொள்வதும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் படம் எடுக்கும்வரை நீங்கள் அசையக்கூடாது. இரண்டு 1.5 லிட்டர் தண்ணீர்ப் போத்தல் 3 கிலோ, எந்தக் கடையிலும் கிடைக்கும். கனம் கூடக் கூட நல்லது என்று முக்காலி தாங்கும் அளவை மீறி ஏற்றாதீர்கள், கால் பூட்டுகள் மெல்ல வழுக்கி இறங்கும்.

நிற்கும் தரையும் கணக்கில் சேரும். கடல்மேல் தூண்களில் நிற்கும் சியூ ஜெட்டியின் பலகைகளில் ஒருவர் நடந்தாலே விளக்குப் புள்ளி துள்ளும். அங்கே கனம் உதவாது, நடமாட்டம் ஓயும்வரை காத்திருப்பதுதான் வழி. தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் படிகளில் கால்களை வெவ்வேறு நீளத்தில் வைக்கும்போது, கீழ்ப்படியில் நிற்கும் நீண்ட கால்தான் முதலில் தளரும். அதன் பூட்டை இரண்டாம் முறை இறுக்குங்கள். மணலில் பாதத்தை அழுத்திப் புதைக்கவேண்டும், அலை தொடும் ஈர மணலைத் தவிர்க்கவேண்டும்.

காற்று ஒரே சீராக வீசுவதில்லை, இடையிடையே சில நொடி ஓயும். 30 நொடி ஒரே படமாக எடுப்பதைவிட 3 நொடிப் படங்களாகப் பத்து எடுத்து, ஆடியதை ஒதுக்கி, மீதியைக் கணினியில் சேர்ப்பது நல்ல பலன் தரும்.

கடலோர வேலை முடிந்து முக்காலிக் காலின் திருகு பூட்டு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே குழாயைக் கவ்வும் இரண்டு அரைவட்டப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றின் மேல் மணலும் உப்பும் கிரீஸும் குழைந்து பழுப்பு நிறப் பசையாக ஒட்டியிருக்கும். விரலில் தேய்த்தால் நறநறக்கும். இந்தப் பசைதான் பூட்டை இறுகவிடாமல் தடுக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு நாள் நிழலில் காயவைத்து, திருகுப் புரியில் மட்டும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவவேண்டும். பிளாஸ்டிக் துண்டுகளில் தடவினால் கால் வழுக்கும்.

4,095 மீட்டர் உயரக் கினாபாலு உச்சிக்கோ, குளிர்காலத்து ஹொக்கைடோவுக்கோ கிளம்புகிறவர்களுக்கு இந்தச் சுத்தம் கட்டாயம். குழாய்க்குள் மிஞ்சிய ஈரம் அங்கே உறைந்து பூட்டைப் பிடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உலோகத்தைவிட அதிகமாகச் சுருங்குவதால், 30 பாகை வெப்பத்தில் சரியாக இருந்த நெம்புப் பூட்டு அங்கே தளரலாம். அதை இறுக்கும் அல்லன் சாவி (அறுகோணத் திருகுச் சாவி) சட்டைப்பையில் இருக்கட்டும். பந்துத் தலையின் கிரீஸ் கெட்டியாகும். வீடியோத் தலையின் திரவமும் அப்படியே, எடுக்கும் முன் இடமும் வலமும் பத்து முறை திருப்பி இளக்குங்கள். அலுமினியக் காலை ஈரக் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். மேல்பகுதிக்கு நுரை உறை சுற்றவேண்டும், கார்பன் ஃபைபரில் இந்தத் தொல்லை குறைவு, நடுக்கமும் சீக்கிரம் அடங்கும்.

ஆழப் பனியில் கால்களை முழுதாக விரித்துவிட்டு மேலிருந்து அழுத்தாதீர்கள். பனிக்குள் இறங்கும்போது கால்கள் இன்னும் விரியப் பார்க்கும், மேல்தட்டுக் கணு உடையும். கொஞ்சம் ஒடுக்கி வைத்து அழுத்தினால் இறங்க இறங்கத் தானே விரியும். பனிக்கட்டியில் ரப்பர் பாதம் வழுக்கும், எஃகு முள் வேண்டும்.

அறைக்குத் திரும்புமுன், வெளியிலேயே கேமராவைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள். குளிரூட்டிய கல்யாண மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் பூத்துப்போவதைப் பினாங்கில் எல்லாரும் பார்த்திருக்கிறோம், அங்கே நடப்பது அதன் பல மடங்கு. பை வெதுவெதுப்பாகும்வரை திறக்கவேண்டாம். முக்காலியை மட்டும் உள்ளே கொண்டுவந்ததும் கால்களை முழுதாக நீட்டி, தலைகீழாகச் சாய்த்து வையுங்கள், உருகிய நீர் வடியட்டும்.