கழுத்து நரம்புக்கு ஒரு மின்கருவி: பெரியப்பாவுக்காகத் தேடிப் படித்தவை

எத்தனை மருந்து மாற்றியும் விலகாத மனச்சோர்வுக்கு, இடது நெஞ்சுத் தோலுக்குக் கீழே ஒரு சிறு மின்கருவியைப் பதித்து, அதிலிருந்து கழுத்து வரை செல்லும் மெல்லிய கம்பியால் வேகஸ் நரம்பைத் தூண்டும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. பெரியப்பாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து அதைப் பற்றிய காணொளி ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அப்பாவுக்கு இது சரிவருமா என்று கேட்டிருந்தார். பெரியப்பாவுடன் வைத்தியரிடம் போய்வருபவள் நான்தான் என்பதால், பதில் சொல்லும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்தது. இதே கேள்வியோடு கொழும்பில் இன்னும் பல குடும்பங்கள் இருக்கக்கூடும் என்பதால் படித்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் பன்னிரண்டு சோடி நரம்புகளில் வேகஸ் பத்தாவது. அது கழுத்து வழியாக இறங்கி இதயத்தையும் நுரையீரலையும் குடலையும் தொடுகிறது. ஆனால் அதன் இழைகளில் ஏறத்தாழ 80 வீதமானவை உடலின் செய்திகளை மேலே மூளைக்குக் கொண்டுபோகின்றவையே. ஆகவே மண்டையோட்டைத் திறக்காமல், கழுத்தில் கொடுக்கும் மின்துடிப்பைக் கொண்டே மூளைத்தண்டையும், அதனூடாக மனநிலையோடு தொடர்புடைய நோரட்ரினலின், செரட்டோனின் ஆகிய இரசாயனங்களைச் சுரக்கும் பகுதிகளையும் எட்ட முடிகிறது. வலது வேகஸ் இதயத் துடிப்பின் தாளத்தோடு கூடுதலாகத் தொடர்புபட்டது என்பதால் இடப்பக்க நரம்பையே தெரிவுசெய்கிறார்கள். வழக்கமான அமைப்பில் கருவி 30 விநாடி இயங்கி, 5 நிமிடம் ஓய்ந்து, மறுபடியும் இயங்கும். இரவு, பகல், தூக்கம் என்ற பேதம் அதற்கு இல்லை.

முதலில் இது வலிப்பு நோய்க்கான சிகிச்சை; அமெரிக்காவில் 1997 இல் அனுமதி கிடைத்தது. கருவி பதித்த வலிப்பு நோயாளர் சிலரின் மனநிலை தேறியதைக் கவனித்த பிறகுதான் மனச்சோர்வுக்கும் பரிசோதித்தார்கள். நான்கோ அதற்கு மேற்பட்டோ முறையான சிகிச்சைகள் பலனளிக்காத, 18 வயதைக் கடந்தவர்களுக்கென 2005 இல் அங்கு அனுமதி வழங்கப்பட்டது.

அந்த அனுமதியின் கதையைத்தான் காணொளி சொல்லாமல் விட்டுவிட்டது. அடிப்படையாக அமைந்த ஆய்வில் எல்லோருக்கும் கருவியைப் பதித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் அதை இயக்கிப் பத்து வாரம் பார்த்தபோது, இயக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 15 பேரும் இயக்கப்படாதவர்களில் நூற்றுக்கு 10 பேரும் தேறினார்கள். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே அல்ல. ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்தவர்களை, கருவியின்றி வேறு சிகிச்சை பெற்ற இன்னொரு குழுவோடு ஒப்பிட்ட தரவை முன்வைத்தே அனுமதி கிடைத்தது. அனுமதி வழங்கும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் மதிப்பீட்டாளர்கள் எதிர்த்தும் உயரதிகாரி ஒருவர் அதை மீறி ஒப்புதல் அளித்ததை அமெரிக்க செனட்டின் நிதிக்குழு 2006 இல் கடுமையாக விமர்சித்தது. அடுத்த ஆண்டே, இதற்குப் பணம் கொடுப்பதில்லை என அரச காப்புறுதியான மெடிகெயர் முடிவெடுத்தது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 795 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்த பதிவேடு 2017 இல் வெளியானபோது, கருவி பதித்தவர்களில் 67.6 வீதமானோர் ஏதோ ஒரு கட்டத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 40.9 வீதம். அவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதை மறக்கக்கூடாது. பின்னர் ஏறத்தாழ ஐந்நூறு பேருடன் ஓராண்டு நடந்த ரிகவர் என்ற ஆய்வில், முதன்மை அளவுகோலில் கருவி இயக்கப்பட்டவர்களுக்கும் இயக்கப்படாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வேறு சில அளவுகோல்களில் கருவி முந்தியது. கருவி இயங்காமலே இருந்தவர்களும் கணிசமாகத் தேறியிருந்தார்கள். என்னைக் கேட்டால், பல்லாண்டு நோயில் கிடந்த ஒருவரை ஒழுங்காக அழைத்து, கேட்டு, குறித்துக்கொள்வதற்கே ஒரு பலன் இருக்கிறது; அதை எந்தக் கம்பியும் தரவில்லை. அதற்காகக் கருவி வீண் என்றும் நான் சொல்லமாட்டேன். பலன் கிடைப்பவர்களுக்கு அது மெதுவாக, பல மாதங்கள் கழித்தே வந்து, வந்தபின் பெரும்பாலும் நிலைக்கிறது என்பதே படித்தவற்றிலிருந்து நான் விளங்கிக்கொண்டது.

பக்கவிளைவுகளில் முதன்மையானது குரல் கரகரப்பு. குரல்வளைக்குப் போகும் நரம்பு வேகஸின் கிளை என்பதால், கருவி இயங்கும் அந்த 30 விநாடியும் பலருக்குக் குரல் கம்மிவிடும். இருமலும் தொண்டைக் கூச்சமும் வரலாம். நோய் முற்றுவதற்கு முன்னர் வெள்ளிக்கிழமைகளில் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் தேவாரம் பாடியவர் பெரியப்பா. காந்தம் ஒன்றைக் கருவியின் மேல் பிடித்திருக்கும் வரை தூண்டல் நின்றுவிடும் என்று நான் வாசித்துக் காட்டியபோது, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர், "அப்ப பாடேக்கை காந்தத்தைப் பிடிச்சுக்கொண்டு பாடலாமோ?" என்று கேட்டார். பாடுபவர்களுக்கு அப்படியே செய்யும்படி சொல்வதும் உண்டு.

எங்களைத் தயங்கவைப்பது சத்திரசிகிச்சை அல்ல. அது ஓரிரு மணி நேர வேலை. அதன் பின்னரே நெடிய வேலை தொடங்குகிறது: மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்த ஒருவர் வேண்டும், சில ஆண்டுகளில் மின்கலம் தீரும்போது கருவியை மாற்ற மீண்டும் கீறவேண்டும், எம்.ஆர்.ஐ. எடுப்பதானால் நிபந்தனைகள் உண்டு. முழங்கால் வலிக்குப் பிசியோதெரபியில் கொடுக்கும் ஆழ்வெப்பச் சிகிச்சையைக்கூடத் தவிர்க்கவேண்டும். வெளிநாட்டில் பதித்துக்கொண்டு வெள்ளவத்தைக்குத் திரும்புபவருக்கு இவற்றையெல்லாம் பத்தாண்டு காலம் யார் பார்ப்பது என்பதற்கு விடை கிடைக்காதவரை, மற்றக் கேள்விகளுக்கு அவசரமில்லை.

பெரியப்பாவின் வைத்தியர் கேட்டது அதைவிட எளிமையானது. மருந்துகளோடு லிதியம் சேர்த்துப் பார்த்தீர்களா, தலையில் மின்சாரம் செலுத்தும் மின்னதிர்வுச் சிகிச்சை எடுத்தீர்களா? இரண்டும் இல்லை. முதலாவதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டாவதை நாங்களே ஒதுக்கிவைத்திருந்தோம், ஏனென்றால் இந்த நகரத்தில் அங்கொடை என்ற ஊர்ப் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. அங்குள்ள தேசிய மனநல நிறுவகத்தில் இன்று மயக்கமருந்தும் தசைத்தளர்வு மருந்தும் கொடுத்தே அதைச் செய்கிறார்கள். கடும் மனச்சோர்வில் அதன் பலன் சில வாரங்களிலேயே தெரியும். ஞாபகமறதி வரும் என்பதும், தேறியவர்கள் மருந்தில்லாமல் விட்டால் பெரும்பாலும் திரும்ப விழுவார்கள் என்பதும் உண்மை. 2001 இல் வெளியான ஆய்வொன்றில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 84 வீதமானோர் ஆறு மாதத்துக்குள் மறுபடி நோயுற்றார்கள். நோர்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தும் லிதியமும் சேர்த்து எடுத்தவர்களில் 39 வீதமானோர்.

இப்போது லிதியம் தொடங்கியிருக்கிறது. இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைரொயிட் ஆகியவற்றின் நிலையையும் ஒழுங்காகப் பார்க்கவேண்டும் என்பதால், வீட்டுக்குக் கிட்டவுள்ள ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்து வருகிறோம். அளவு உரிய எல்லைக்குள் வந்து சில வாரங்கள் கழித்தும் மாற்றமில்லையென்றால் அடுத்தது மின்னதிர்வுச் சிகிச்சை, கருவியைப் பற்றிய பேச்சு அதற்கும் பிறகு என்று வைத்தியரும் பெரியப்பாவும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.