சரியாயிடும்மா

இதயத்தின் மின்துடிப்பைத் திரையில் படமாக்க உதவும் மேப்பிங் பட்டைகளை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா கேட்டார்: "தம்பி, இதோட சரியாயிடுமா?"

"சரியாயிடும்மா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. துடிப்புக் கோளாறு மறுபடி வரலாம், இந்தச் சிகிச்சையை இரண்டாவது முறையும் செய்ய நேரலாம் என்று மருத்துவர் முந்தின வாரமே அவரிடம் விளக்கியிருந்தார். நான் மேப்பிங் கணினி முன் உட்காருகிறவன்; பதில் சொல்ல வேண்டியவன் நானில்லை. ஆனால் கேட்டது என்னிடம். அவர் கை சில்லென்று இருந்தது.

ஒன்றரை வருடமாக விடாத ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்; இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு. இடது மேலறைச் சுவரைக் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாய் தொட்டுத் தொட்டு நகர, திரையில் படம் நிறைந்தது. மின்னழுத்தம் நன்றாக இருந்தால் ஊதா, 0.5 மில்லிவோல்ட்டுக்குக் கீழே குறையக் குறைய நிறம் மாறிக் கடைசியில் சிவப்பு. பின்சுவரில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. தழும்பேறிய தசை. அப்போதே என் பதில் நெஞ்சில் உறுத்தியது.

தவறான துடிப்பு கிளம்புகிற நான்கு நுரையீரல் சிரைகளின் வாயைச் சுற்றி, அது பரவாதபடி சுட்டு முடித்து, ஷாக் கொடுத்ததும் துடிப்பு சீரானது. பின்சுவரையும் சுடலாமா என்று பேசினோம். மருத்துவர் வேண்டாமென்றார். அது சரியான முடிவென்றே இன்றும் நினைக்கிறேன். 2023இல் வந்த கேப்லா ஆய்வில், பின்சுவரையும் சேர்த்துச் சுட்டதால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. இரண்டு பிரிவிலும் ஒரு வருடம் தொந்தரவில்லாமல் இருந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். அந்தக் கணக்கு அன்றைக்கும் எனக்குத் தெரியும்.

ஐந்தே மாதத்தில் திரும்பி வந்தார். ஈசிஜி அறை வாசலில் என்னைப் பார்த்து, "நீங்க சொன்னதாலதான் தம்பி அன்னைக்குத் தைரியமா படுத்தேன்" என்றார். குறையாகச் சொன்னாரா, நன்றியாகவா? முகத்தில் எதுவும் தெரியவில்லை.

மேசையில் படுக்கப் போகிறவரிடம் 'பாதிக்குப் பாதி' என்று சொல்லி யாருக்கு என்ன பயன்? இப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அன்று அவர் பயம் தணிந்தது உண்மை. ஆனால் என் கையில் இல்லாத ஒன்றை அல்லவா கொடுத்தேன்! "நாங்க கூடவே இருக்கோம்மா" என்று சொல்லியிருக்கலாம். அதில் பொய் இல்லை. ஆனால் அவர் கேட்டது அது இல்லையே.

போன வாரம் ஒரு பெரியவர் அதையே கேட்டார். "டாக்டர்கிட்ட கேளுங்க ஐயா" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு, விட்டத்தைப் பார்த்தபடி படுத்தார். அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.