தட்டைப் பாதத்தோடு வெறுங்கால் ஓட்டம்: ஏரிக்கரையும் பாறைக்களமும்

எனக்குப் பிறவியிலேயே தட்டைப் பாதம். ஈரக்காலோடு சிமெண்ட் தரையில் நடந்தால் மற்றவர்களுக்கு உட்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு அச்சு விழும். எனக்கு முழுப் பாதமும் அப்படியே பதியும். சின்ன வயதிலிருந்தே கணுக்கால் உள்ளே சாயும், செருப்பு ஒரு பக்கமாகவே தேயும். அப்புறம் கால் ஆணி வந்தது. ஆசிரியர் வேலைக்கு வந்து நாள் முழுக்க நிற்க ஆரம்பித்ததும் குதிகால் வலியும் சேர்ந்துகொண்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் உயிர் போய் உயிர் வரும். எம்.சி.ஆர். என்கிற மிருதுவான ரப்பர் செருப்பு, ஷூவுக்குள் வைக்கும் மெத்தை, வெந்நீர் ஒத்தடம் எல்லாமே ஓரளவு ஆறுதல் தந்தன. ஆனாலும் ஓட வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

வெறுங்கால் ஓட்டம் என்றாலே எல்லோரும் அபேபே பிகிலாவைச் சொல்வார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் தங்கம் வென்ற எத்தியோப்பியர். அதே மனிதர் 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டு ஓடி மறுபடியும் தங்கம் வென்றார். அதனால் அவர் கதையை வைத்து நான் எந்த முடிவுக்கும் வரவில்லை. என்னை யோசிக்க வைத்தது 2010இல் நேச்சர் இதழில் வந்த, டேனியல் லீபர்மேன் குழுவின் ஆய்வு. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில்தான் இறங்குகிறார்கள், குதிகாலில் இறங்கும்போது வரும் அந்த முதல் இடி அவர்களுக்கு மிகக் குறைவு என்றது அது. என் பிரச்சினையே குதிகால்தானே!

கிருஷ்ணகிரியில் ஒரு எலும்பு மருத்துவரிடம் போய்க் கேட்டேன். முதலில் சர்க்கரை பார்க்கச் சொன்னார். பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று சோதித்தார். பிறகு நுனிக்காலில் எழும்பி நிற்கச் சொன்னார். நின்றதும் தட்டையாக இருந்த உள்ளங்காலில் வளைவு எழுந்தது! நானே அதுவரை பார்த்ததில்லை. இது இளகும் வகைத் தட்டைப் பாதம், தசைகளைப் பலப்படுத்தினால் பலன் இருக்கும், எலும்பே விறைத்துப் போன வகை என்றால் இந்த ஆசையை விட்டுவிடச் சொல்லியிருப்பேன் என்றார். தட்டைப் பாதம் உள்ளவர்கள் ஓடிப் பார்ப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் ஓட்டமே கிடையாது, பயிற்சி மட்டும்தான். வாசற்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெதுவாக உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்குவது. தரையில் விரித்த துண்டைக் கால்விரலால் சுருட்டி இழுப்பது. விரல்களை மடக்காமல், கட்டைவிரல் அடியைக் குதிகால் பக்கம் இழுத்து வளைவைத் தூக்குவது. இந்த மூன்றாவது பயிற்சி பார்க்கச் சுலபம், ஆனால் பிடிபட வெகுநாள் ஆனது. எந்தத் தசைக்கு உத்தரவு போடுவது என்றே கால் அறியாது. வகுப்பில் விடைத்தாள் திருத்தும்போது மேசைக்கு அடியில் செய்துகொண்டே இருப்பேன். ஒருநாள் பாதத்துக்குள் எங்கோ சட்டென்று இறுகியது. அன்றைக்கு ரொம்பச் சந்தோஷம்.

தை மாதக் குளிரில் ஏரிக்கரைக்குப் போனேன். எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். கரை முழுக்கச் செம்மண்ணும் புல்லும், காலுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

“ஏம்மா டீச்சரு, செருப்பு அறுந்து போச்சா?”

“இல்ல தாத்தா, வெறுங்காலோட ஓடிப் பழகறேன்.”

“அப்ப இங்க ஓடாத. மழைக்கு மொளைச்ச நெருஞ்சி காஞ்சி கெடக்கு. அப்படிப் பாறை மேல போ, சுத்தமா இருக்கும்.”

அவர் காட்டியது கேழ்வரகு காயப்போடும் பாறைக்களம். எங்கள் மாவட்டத்தில் கருங்கல்லுக்கா பஞ்சம்? ஊருக்கு ஊர் இப்படி ஒரு பாறை படுத்திருக்கும். பாறையில் ஓடினால் கால் என்னாவது என்று தயங்கித்தான் போனேன். ஆனால் எனக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது அந்தப் பாறைதான். புல்லில் குதிகாலைப் பதித்து ஓடினாலும் தெரியாது, மண் வாங்கிக்கொள்ளும். பாறையில் ஒரே அடி அப்படி வைத்தால் முழங்கால் வரை ஏறும். யாரும் சொல்லித் தராமலே அடி சின்னதானது, வேகமானது, முழங்கால் லேசாக மடங்கியது. முன்பாதம் முதலில் தொட, குதிகால் பின்னாலேயே வந்து மெல்ல முத்தமிட்டுப் போகும். சரியாக ஓடினால் சத்தமே வராது. இன்றைக்கும் ஓட்டம் சரியா என்று நான் காதால்தான் பார்க்கிறேன். தப் தப் என்று கேட்டால் களைத்துவிட்டேன் என்று அர்த்தம், அதோடு நிறுத்திவிடுவேன்.

வலி இடம் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். குதிகாலும் முழங்காலும் சுமந்த பாரத்தை ஆடுசதையும் அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணும் ஏற்கின்றன. ஆரம்பத்தில் படி இறங்க முடியாதபடி ஆடுசதை கல்லாக இறுகியது. தேங்காய் எண்ணெய் தேய்த்து, ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஓடினேன். அது சதை வலி, போய்விடும். பாதத்தின் மேல்புறத்தில், விரல்களுக்குப் பின்னால், விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலித்தால் அது எலும்பு. 2013இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. வெறுங்கால் போன்ற மெல்லிய ஷூவுக்கு மாறியவர்களில் பாதிப்பேருக்கு, 10 வாரத்துக்குள் பாத எலும்புக்குள் நீர் கோத்திருந்தது. அதைப் படித்திருந்ததால், எனக்கு அங்கே லேசாக நோவெடுத்தபோது மாசி முழுக்க ஓட்டத்தை நிறுத்தி நடையோடு இருந்தேன். தசை சீக்கிரம் பழகும், எலும்புக்குப் பொறுமை வேண்டும்.

முள்ளும் குத்தியது. பாறைக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் வேலமுள் ஒன்று விரலடியில் ஏறி முனை ஒடிந்து நின்றது. அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊக்கு முனையை விளக்கில் காட்டி, தோலைக் கீறாமல் சுற்றிச் சுற்றி நெம்பி எடுத்தார். “எருக்கம்பால் வெச்சா தானா வந்திருக்கும்” என்றார், எடுத்து முடித்த பிறகு. டெட்டனஸ் ஊசி முன்பே போட்டிருந்தேன். இப்போது அந்தப் பாதை வரைக்கும் செருப்போடுதான் போகிறேன். ஊர் ஓரத்தில் அசுத்தமான மண்ணில் வெறுங்கால் வைப்பதே இல்லை. கொக்கிப்புழு தோல் வழியாகத்தான் ஏறும்.

உள்ளங்கால் தோல் தடித்திருக்கிறது. மரத்துப் போகுமோ என்று பயம் இருந்தது. கென்யாவில் நடத்தி 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, தோல் தடித்தாலும் தொடு உணர்ச்சி குறைவதில்லை என்கிறது. என் அனுபவமும் அதுதான். பாறையில் எந்த இடத்தில் பனி இறங்கியிருக்கிறது, எங்கே கேழ்வரகு உமி ஒட்டியிருக்கிறது என்று கால் சொல்லும்.

இப்போதைய நிலவரம் இது. பாறையில் சுற்றிச் சுற்றி மூன்று கிலோமீட்டர் வலியில்லாமல் ஓடுகிறேன். காலை முதல் அடி வலி பெரும்பாலும் போய்விட்டது. அதற்கு ஓட்டம் காரணமா, படியில் செய்த பயிற்சி காரணமா என்று கேட்டால் பயிற்சிக்குத்தான் அதிகப் பங்கு கொடுப்பேன். பாதம் தட்டையாகவேதான் இருக்கிறது, வளைவு ஒன்றும் முளைக்கவில்லை. பள்ளிக்கு இன்றும் எம்.சி.ஆர். செருப்புதான். எங்கள் பள்ளியில் சர்க்கரை உள்ள சக ஆசிரியை ஒருவர் தானும் வருகிறேன் என்று ஆசைப்பட்டார். கால் மரத்திருந்தால் புண் வந்ததே தெரியாது அக்கா, நீங்கள் ஷூ போட்டு நடக்க வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் நடக்கிறார், நான் ஓடுகிறேன்.

அடுத்து தார் ரோடு. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் ஜல்லி பெயராத ஒரு நீளம் பார்த்து வைத்திருக்கிறேன். சித்திரை வெயில் தணிந்து, மாங்காய் லாரிகளின் நெருக்கடியும் குறைந்த பிறகு, விடியற்காலையில் முதலில் அரைக் கிலோமீட்டர் மட்டும்.