முளைகட்டிய வெந்தயம்

ஈரத்துணியில் கட்டி வைத்த வெந்தயத்தைக் காலையில் பிரித்தேன். அரை அங்குல வால், லேசான வழவழப்பு. உடனே 2011 ஜெர்மனி ஞாபகம் வந்தது. ஈ.கோலை கிருமியால் 50 பேருக்கு மேல் சாவு. முதலில் பழி ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல்; பாவம் அந்த விவசாயிகள். நோயாளிகளைக் கேட்டால் தக்காளி, வெள்ளரி என்றார்கள். மேலே தூவிய நாலு முளையை யார் நினைவில் வைப்பார்கள்? அப்புறம் ஜெர்மன் அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான ராபர்ட் கோக் நிறுவனத்தார் ஓர் உணவகத்தில் யார் எதை வாங்கினார்கள், சமையல்காரர் அதில் என்ன போட்டார் என்று துருவியதில் மாட்டியது அந்த முளைதான். சந்தேகம் போய் நின்றது எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையில். முளைக்குத் தேவையான ஈரமும் கதகதப்பும்தானே கிருமிக்கும் வேண்டும்!

சரி, என் வெந்தயம் சாலட்டுக்குப் போகவில்லை. குழம்பில் கொதிக்கிறது.