வேங்கைப் பலகையில் ஆடுபுலி, திண்ணையில் தாயம்: செய்து பார்த்த அனுபவம்

ஆடுபுலி ஆட்டத்துக்குப் பலகை தயார். கல்லிடைக்குறிச்சி வீட்டில் கதவு மாற்றியபோது மிஞ்சிய வேங்கைப் பலகைதான், உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்து வைத்திருந்தேன். வரைவது சுலபம்: உச்சியில் ஒரு புள்ளி, அங்கிருந்து விரிந்து இறங்கும் நாலு கோடு, அவற்றைக் குறுக்கே வெட்டி இரண்டு பக்கமும் வெளியே நீளும் மூன்று கோடு, அதன் நுனிகளைச் சேர்க்கப் பக்கத்துக்கு ஒன்று, கடைசியில் அடிக்கோடு. ஒரு குறுக்குக் கோட்டில் ஆறு சந்திப்பு, மூன்றுக்கும் 18, உச்சி ஒன்று, அடியில் நாலு. எண்ணி 23 வந்தால் பலகை சரி.

பென்சில் கோட்டின் மேல் சால்டரிங் அயனை இழுத்தேன். வேங்கையில் ரேகை கெட்டியாக இருக்கும் இடத்தில் முனை வழுக்கும், அங்கே அவசரப்படாமல் நின்று நின்று இழுத்தால் கோடு கருகருவென்று பதிகிறது. பெயிண்ட் அடித்தால் காய் நகர்த்தி நகர்த்தி உரிந்துபோகும், சுட்ட கோடு போகாது. ஆடுகளுக்கு 15 புளியங்கொட்டை, புலிகளுக்கு ஆற்றில் பொறுக்கிய மூன்று கூழாங்கல்.

முதல் ஆட்டம் ஆச்சிக்கும் ரெண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கும். புலியைச் சின்னவளிடம் கொடுத்தோம், அதுதான் சரியான ஏற்பாடு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். புலிக்காரருக்கு வேலை கண்ணுக்குத் தெரிகிற வேலை: பக்கத்தில் ஆடு, அதற்கு அந்தப்புறம் காலி இடம், தாண்டினால் ஆடு போச்சு. ஆட்டுக்காரருக்குத்தான் யோசனை. பதினைந்தையும் வைத்து முடிக்கும்வரை ஒரு ஆட்டைக்கூட நகர்த்தக் கூடாது, அதனால் வைக்கும்போதே அதன் பின்னால் இடம் அடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆச்சி எடுத்த எடுப்பில் அடிக்கோட்டை நிரப்பினாள். "நாலும் நெறஞ்சிட்டா அங்க புலி ஒண்ணும் பண்ண முடியாது பாத்துக்கோ" என்றாள். எதிராளிக்கே சொல்லிக்கொடுத்துக்கொண்டு விளையாடுகிற ஆட்டம் வேறு எங்கே இருக்கிறது? இரண்டு பக்கமும் சமமில்லாத ஆட்டம் என்பதால்தான் எண்பது வயதும் ஏழு வயதும் எதிரெதிரே உட்கார முடிகிறது, யாரும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

தாயம் வேறு வகை. அது கூட்டத்துக்கான ஆட்டம். மச்சிலிருந்து ஆச்சியின் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினேன், திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டோம். பிள்ளைகளுக்கு போனில் லூடோ பழக்கம் என்பதால் வெட்டுவதும், மலை என்கிற வெட்ட முடியாத கட்டத்தில் ஏறித் தப்பிப்பதும் உடனே பிடிபட்டது. லூடோவும் இங்கிருந்து போன பச்சீசியை வைத்து 1896-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய ஆட்டம்தானே, சொந்தக்காரன்தான்.

ஆனால் கட்டைதான் இதன் உயிர். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. பிளஸ் டூ படிக்கிற அண்ணன் மகன் நோட்டில் போட்டுப் பார்த்தான்: 16 விதமாக விழலாம், அதில் தாயம், அதாவது ஒன்று, இரண்டே விதம், 5-க்கு இரண்டு, 6-க்கும் 12-க்கும் ஒவ்வொன்று. தாயம் விழாமல் காய் இறங்காது, அதனால்தான் சிலர் வெறுங்கையோடு உட்கார்ந்தே இருக்கிறார்கள். இந்த நாலில் எது விழுந்தாலும் மறுபடி உருட்டலாம், அதனால்தான் சிலர் கட்டையைக் கீழே வைப்பதே இல்லை. கணக்குத் தெரிந்தபிறகும் அவனும் கட்டையை உள்ளங்கையில் உரசி "தாயம் தாயம்" என்று சொல்லித்தான் உருட்டுகிறான்.

தென்காசி மதினி வந்தபோது ஆட்டமே அரைமணி நேரம் தொடங்கவில்லை. அவள் வீட்டில் ஒரு காயாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குப் போகக் கூடாது. எங்கள் வீட்டில் போகலாம். "அப்படி விட்டா அது தாயமே இல்ல" என்று அவள், "எங்க மாமியார் காலத்துலேருந்து இப்படித்தான்" என்று ஆச்சி. எனக்கு இந்தப் பேச்சு ஆட்டத்தைவிடப் பிடித்திருந்தது. போன் லூடோவில் விதியைப் பற்றி யாரும் யாரோடும் பேச வேண்டாம், எல்லாம் அதுவே முடிவு செய்துவிடும். இங்கே எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்டால்தான் ஆட்டம். கடைசியில் மதினி விதிக்கே ஒத்துக்கொண்டோம், அதில் ஆட்டம் சூடாகவும் இருக்கிறது, என் ஓட்டும் அதற்குத்தான்.

அடுத்தது பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழு குழி, உளி வேலை தொடங்கியாயிற்று. குழிக்கு ஐந்து வீதம் 70 முத்து வேண்டும். சோழியைவிட மஞ்சாடி முத்து கைக்கு அடங்கும் என்கிறாள் ஆச்சி, எனக்குச் சோழி விழுகிற சத்தம்தான் வேண்டும், இரண்டும் சேகரிக்கிறேன். ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போக எல்லாரும் வீட்டுக்கு வருவார்கள், அதற்குள் முடிக்க வேண்டும். யார் வீட்டிலாவது பழைய மரப் பல்லாங்குழி இருந்தால் குழியின் ஆழத்தையும் வாய் அகலத்தையும் அளந்து சொல்லுங்கள், ஐந்து விரலும் உள்ளே போய் ஒரே வாரலில் வழித்தெடுக்க வர வேண்டும்.