ஃபாக்ஸ்பி3 ஒளிர்ந்ததை நம்பி ஏழு மாதம் தொலைத்தேன்

மனித ரத்தத்திலுள்ள டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களை, எதிர்ப்பு மிஞ்சிப்போகாமல் அடக்கும் டிரெக் செல்களாக மாற்றுவது என் முனைவர் பட்ட வேலையின் முதல் படிதான். அதற்கே ஏழு மாதம் ஆயிற்று.

செல் வளர்ப்பில் தொல்லையில்லை. இன்னும் எதிரியைச் சந்திக்காத, அனுபவமற்ற சிடி4 வகை டி செல்கள், அவற்றின் மேற்பரப்பிலுள்ள சிடி3, சிடி28 புரதங்கள் வழியே தூண்டல், ஐஎல்-2, டிஜிஎஃப்-பீட்டா என்ற இரு சைகைப் புரதங்கள், ஐந்து நாள். செல்லுக்குள் ஸ்மேட்3, ஸ்டாட்5 போன்ற புரதங்கள் டிஎன்ஏவில் போய்ப் பிடித்துக்கொள்ள, டிரெக் செல்லின் அடையாளமான ஃபாக்ஸ்பி3 மரபணு விழித்துக்கொள்ளும். அது விழித்ததா என்று பார்க்கும் இடத்தில்தான் அடி விழுந்தது.

ஃபாக்ஸ்பி3 புரதத்தில் ஒட்டி ஒளிரும், சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை உள்ளே விட, செல்லைத் துளைக்கும் கரைசல் ஒன்று வேண்டும். நான் கேட்ட கரைசலுக்குப் பதிலாகக் கொள்முதல் பிரிவு வேறொன்றை வாங்கியிருந்தது. "இரண்டும் செல்லைத் துளைப்பதுதானே, இது விலை குறைவு" என்றார் அங்கிருந்தவர். ஐஎல்-2 போன்ற சைட்டோகைன்களைப் பார்க்க அது போதும். ஃபாக்ஸ்பி3 மற்ற மரபணுக்களை இயக்கும் படியெடுத்தல் காரணி, உட்கார்ந்திருப்பது உட்கருவுக்குள். எதிர்ப்பொருள் அங்கே சரியாக நுழையவில்லை. 2025 அக்டோபரில் டிரெக் செல், ஃபாக்ஸ்பி3 ஆய்வுகளுக்காகப் புரன்கோ, ராம்ஸ்டெல், சகாகுச்சி மூவருக்கும் நோபல் அறிவித்த அன்று ஆய்வகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். எனக்கு மட்டும் அதே ஃபாக்ஸ்பி3 திரையில் தெரியவே இல்லை.

சரியான கரைசல் வந்ததும் பாதிக்கு மேல் செல்கள் ஒளிர்ந்தன. வழிகாட்டிக்கு உடனே படம் அனுப்பினேன். "டிஜிஎஃப்-பீட்டா போடாத குழி எங்கே?" என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஒப்பீட்டுக்கான அந்த வளர்ப்புத் தட்டுக் குழியை, மிச்சம் பிடிக்க நினைத்து வைக்காமல் விட்டிருந்தேன். மறுமுறை வைத்தால், அந்தக் குழியும் ஒளிர்ந்தது! மனித டி செல்லைத் தூண்டினாலே ஃபாக்ஸ்பி3 சில நாள் தலைகாட்டிவிட்டு மறையும். எலிச் செல்களில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. நான் படித்துத் தயாரானதெல்லாம் எலி ஆய்வுகள். தூண்டிய குழி, தூண்டாத குழி, டிஜிஎஃப்-பீட்டா இல்லாத குழி, மூன்றும் இல்லாமல் தொடங்காதீர்கள்.

சாயத்தை நம்பமுடியாது என்றானபின், டிஎன்ஏவில் ஒட்டி மரபணுவை அடக்கிவைக்கும் மெத்தில் குறிகளைப் பார்க்கவேண்டியதாயிற்று. ஃபாக்ஸ்பி3 மரபணுவின் சிஎன்எஸ்2 என்ற கட்டுப்பாட்டுப் பகுதியில் அவை நீங்கியிருந்தால்தான் வெளிப்பாடு நிலைக்கும். ஒப்பீட்டுக்கு, மேற்பரப்பில் சிடி25 புரதம் மிகுந்து, சிடி127 புரதம் குறைந்த இயற்கையான டிரெக் செல்களைப் பிரித்தெடுத்தேன். குறி ஏறக்குறைய முழுவதும் நீங்கியிருக்கவேண்டும், பாதிதான் நீங்கியிருந்தது. வேறு செல் கலந்துவிட்டது என்று பிரிப்புக் கருவியை இயக்குபவரிடம் சண்டை போட்டேன். அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் பிரித்துக் கொடுத்தார். அதே பாதி.

ஃபாக்ஸ்பி3 எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்பது மூன்றாம் வாரம் நள்ளிரவில்தான் உறைத்தது. பெண்ணின் செல்லில் ஒரு எக்ஸ் முடங்கிக் கிடக்கும். அதிலுள்ள குறி நீங்காது. கொடையாளர் ஆணா பெண்ணா என்று ரத்த வங்கியில் கேட்டால், "அதெல்லாம் சொல்லமுடியாது" என்று தொலைபேசியை வைத்துவிட்டார்கள். கையில் டிஎன்ஏ இருக்கும்போது யாரைக் கெஞ்சவேண்டும்? ஒய் குரோமோசோமின் எஸ்ஆர்ஒய் மரபணுவுக்கு, டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை ஒன்று போட்டேன். ஆண் மாதிரியில் பட்டை வந்தது, என் மாதிரியில் வரவில்லை. பெண். ஒரு பிற்பகல் வேலை! கருவிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, தேநீரும் வாங்கிக் கொடுத்தேன்.

நான் உருவாக்கிய செல்களிலோ குறிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. அது அடுத்த தலைவலி. இப்போதைக்கு உறைபெட்டியில் உள்ள ஒவ்வொரு குழாயிலும் ஆ, பெ என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.